பூட்டிவைக்கும் செட்டிநாட்டு வீட்டில் தண்ணீர்க் குழாயையும் வெந்நீர்க் கருவியையும் நிறுத்திவைக்கும் முறை

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் சென்னையில் இருக்கிறார். கண்டனூரில் உள்ள அவருடைய ஐயா காலத்து வீடு பங்காளிகளுக்குப் பொதுவானது. தை மாதம் படைப்பு (முன்னோர் வழிபாடு) முடிந்து பூட்டினால், அடுத்த தை மாதம்தான் கதவு திறக்கும். சென்ற முறை திறந்தபோது குளியலறைகளில் சாக்கடை வாடை தாங்க முடியவில்லை. குழாயில் செந்நிறத் தண்ணீர் வந்தது. கீசரின் அடியில் ஒழுகியது. கனடாவில் வசிக்கும் அவருடைய தம்பி, குளிர்காலத்துக்கு முன்பே தன் மோட்டார்ஹோமின் தண்ணீரை முழுவதும் வடித்து, குழாய்களில் இளஞ்சிவப்பு நிற உறைதடுப்புத் திரவம் ஏற்றி நிறுத்திவைக்கிறாராம். அதையே ஊர் வீட்டிலும் செய்யலாமா, ஒழுகும் கீசரை மாற்றத்தான் வேண்டுமா என்பவை அவருடைய கேள்விகள்.

உங்கள் தம்பி அங்கே செய்வது முற்றிலும் சரியானது. ஆனால் அவர் எதிலிருந்து தன் வண்டியைக் காக்கிறார் என்பதைப் பார்த்தால், அதில் எதை இங்கே எடுத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிடலாம் என்பது தெளிவாகும். தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. மூடிய குழாய்க்குள் அந்தக் கூடுதல் அளவுக்கு இடம் கிடையாது. ஆகவே எல்போ, வால்வு, பம்பின் தலைப்பகுதி, வெந்நீர்த் தொட்டி என எது பலவீனமோ அது வெடிக்கிறது. அதனால்தான் அவர் முதலில் ஹீட்டரை அணைத்து, ஆறவிட்டு, அழுத்தத்தை விடுவித்த பிறகு அதன் தண்ணீரை வடிக்கிறார். பிறகு ஹீட்டருக்குள் திரவம் போய் வீணாகாதபடி பைபாஸ் வால்வைத் திருப்பிவிட்டு, புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த திரவத்தை வண்டியின் பம்பைக் கொண்டே ஒவ்வொரு குழாயிலும் இளஞ்சிவப்பாக வரும்வரை ஓட்டுகிறார். கடைசியில் வாஷ்பேசின், ஷவர், கழிப்பறை ஆகியவற்றின் டிராப்களிலும், அதாவது வடிகாலின் அடியில் தண்ணீர் நிற்கும் வளைவுகளிலும், அதையே ஊற்றுகிறார்.

கண்டனூரில் தண்ணீர் உறையப் போவதில்லை. எனவே அந்தத் திரவம் நமக்குத் தேவையில்லை. தேவையில்லை என்பதோடு நிற்காமல், வேண்டாம் என்றே சொல்வேன். புரொப்பிலீன் கிளைக்கால் தண்ணீரில் மிகவும் நீர்த்துப்போனால் கிருமிகளுக்கு அதுவே உணவாகிவிடும். நம் ஊர் வெயிலில் ஓர் ஆண்டு தேங்கினால் குழாயின் உட்சுவரில் வழுவழுப்பான படலம் கட்டிவிடும். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் கூலன்ட் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால், அது நஞ்சு. யாராவது அதை வாங்கி ஊற்றலாம் என்று யோசனை சொன்னால், குடிநீர் போகும் குழாயின் பக்கமே அதைக் கொண்டுபோகாதீர்கள்.

நம் ஊரில் வீட்டைக் கெடுப்பவை வெப்பமும், உப்புத் தண்ணீரும், கொசுவும், வறண்டுபோகும் டிராப்பும், எதிர்பாராத நேரத்தில் அவிழும் ஓர் இணைப்பும்தான். இவற்றை வைத்துப் பார்த்தால் செய்ய வேண்டியவை இரண்டுதான். குழாயிலும் தொட்டியிலும் கீசரிலும் அழுத்தத்தோடு நிற்கும் தண்ணீரை அகற்ற வேண்டும். டிராப்பில் காவலுக்கு நிற்கும் தண்ணீரை வற்றாமல் காப்பாற்ற வேண்டும். பூட்டிய வீடுகளில் நான் பார்க்கும் கேடுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டும் தலைகீழாகிப் போனதால் வந்தவை: மேல்தொட்டி நிறைந்திருக்கும், டிராப் காய்ந்திருக்கும்.

வேலையைத் தொடங்கும் வரிசை மிக முக்கியம். எல்லோரும் மேல்தொட்டியைத்தான் முதலில் திறந்துவிடுகிறார்கள். மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் இருக்கும் வீட்டில் அப்படிச் செய்யக் கூடாது. சோலார் தொட்டிக்குக் குளிர்ந்த நீர் அதன் அடிப்பகுதியில் நுழைகிறது. மேல்தொட்டியை வடித்தால், சோலார் தொட்டியில் உள்ள தண்ணீரும் அதே குழாய் வழியாகப் பின்னோக்கி இறங்கிவிடும். வெயிலில் நிற்கும் கண்ணாடிக் குழல்களுக்கு மேலே தொட்டி வெறுமையாகிவிடும். ஆகவே சோலாருக்குப் போகும் வால்வை முதலில் மூடுங்கள், பிறகுதான் மற்றவை.

சோலாரைப் பற்றி இங்கேயே விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பூட்டிய வீட்டில் அதிகப் பணம் விழுங்குவது இதுதான். யாரும் வெந்நீர் பிடிக்காத வீட்டிலும் சூரியன் தன் வேலையை நிறுத்துவதில்லை. சித்திரை, வைகாசி மாதங்களில் தொட்டித் தண்ணீர் நாள்தோறும் கொதிநிலையை நெருங்குகிறது. காற்றுக்குழாய் வழியாக ஆவி போய்க்கொண்டே இருக்கிறது. குழல்கள் தொட்டியில் செருகும் இடத்தில் உள்ள சிலிக்கோன் ரப்பர் வளையங்கள் இறுகிப் போகின்றன. மேல்தொட்டியிலிருந்து ஈடுகட்டத் தண்ணீர் வராவிட்டால் சோலார் தொட்டி மெல்ல மெல்ல வற்றி, குழல்களும் வறண்டுபோகின்றன. வறண்ட குழலின் உட்பக்கம் 200 பாகை செல்சியசுக்கும் மேலே போகும். அந்த நிலையில், வீட்டைத் திறந்த அன்று நண்பகலில் யாராவது வால்வைத் திருகிக் குளிர்ந்த நீரை விட்டால் குழல்கள் வரிசையாக வெடிக்கும்.

எனவே சோலாரை வடிக்க வேண்டாம். வடிக்க நினைத்தாலும் முழுவதும் வடியாது. 58 மில்லிமீட்டர் விட்டமும் 1800 மில்லிமீட்டர் நீளமும் உள்ள வழக்கமான குழல் ஒவ்வொன்றிலும் இரண்டரை லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும். அதன் அடி மூடியிருப்பதால், தொட்டியை வடித்தாலும் குழலில் உள்ளது அங்கேயே இருக்கும். தொட்டியும் குழல்களும் நிறைந்த நிலையில் வால்வை மூடி, வெயில் ஏறுவதற்கு முன்பே குழல்கள் முழுவதையும் கனமான தார்ப்பாயால் போர்த்தி, நைலான் கயிற்றால் தாங்கியின் கால்களோடு இறுகக் கட்டுங்கள். மெல்லிய துணியாக இருந்தால் ஆடிக் காற்றிலேயே கிழிந்துவிடும். வெயில் படாத சோலார் ஓர் ஆண்டு நின்றாலும் பெரிய கேடு வராது. திரும்பி வந்ததும் தொட்டியில் உள்ள பழைய தண்ணீரை வெளியே விட்டுவிட்டுப் புதுநீர் ஏற்றிக்கொள்ளலாம். அதையும் தார்ப்பாயை எடுப்பதற்கு முன்பு, விடியற்காலையில் செய்யுங்கள்.

அடுத்தது மேல்தொட்டி. புறப்படுவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பே மோட்டார் போடுவதை நிறுத்திவிட்டால், இருக்கும் தண்ணீர் புழங்கியே தீர்ந்துவிடும்; நல்ல தண்ணீரை வீணாகச் சாக்கடையில் விட வேண்டியதில்லை. அடியில் நிற்கும் வண்டலோடு கூடிய கடைசித் தண்ணீரை வாளியில் எடுத்து ஊற்றி, உட்சுவரைத் தேங்காய் நார் கொண்டு நன்றாகத் தேய்க்க வேண்டும். இதைச் சோம்பலால் விட்டுவிடக் கூடாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில்தான் முட்டையை ஒட்டவைக்கிறது. தண்ணீர் இல்லாமல் பல மாதங்கள் அந்த முட்டை காய்ந்து கிடந்தாலும், மறுபடி நனைந்தால் பொரிந்துவிடும். நம் வெப்பத்தில் முட்டை கொசுவாகப் பறக்கச் சுமார் ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். மூடியை இறுக்கி, நிரம்பி வழியும் குழாயின் வாயிலும் காற்றுக்குழாயின் வாயிலும் நைலான் கொசுவலையை இரண்டாக மடித்துக் கம்பியால் கட்டிவிடுங்கள்.

பிளாஸ்டிக் தொட்டி வெறுமையானால் எடையே இருக்காது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது புதுக்கோட்டைப் பக்கம் என்ன ஆயிற்று என்று பார்த்தவர்களுக்குக் காற்றின் வலிமையைச் சொல்ல வேண்டியதில்லை. தொட்டியின் தோளைச் சுற்றிக் கயிறு கொடுத்து மாடிச் சுவரின் கொக்கிகளில் கட்டிவிடுங்கள். உங்கள் வீட்டில் இருப்பது செங்கல் வைத்துச் சிமெண்டு பூசிய பழைய தொட்டி என்றால் மட்டும் முழுவதும் வறளவிட வேண்டாம். ஓர் ஆண்டு வெயிலில் காய்ந்தால் பூச்சு மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். ஒரு சாண் தண்ணீர் விட்டு, மூடியின் விளிம்பு இடைவெளியைக் கொசு புகாதபடி அடைத்துவிடுங்கள்.

தொட்டி வெறுமையானதும் குழாய்கள். மாடியில் உள்ள குழாயைத் திறந்துவைத்தால் காற்று உள்ளே போகும். கொல்லையில் தாழ்வாக இருக்கும் குழாயைத் திறந்தால் தண்ணீர் இறங்கும். இடையில் உள்ள எல்லாவற்றையும், வெந்நீர்ப் பக்கத்தையும் சேர்த்து, திறந்துவையுங்கள். ஃப்ளஷ் டேங்கின் ஆங்கிள் காக்கை (சுவரில் உள்ள சிறு வால்வை) மூடிவிட்டு ஒருமுறை அழுத்தி வெறுமையாக்குங்கள். ஹெல்த் ஃபாசெட்டின் வளையும் குழலையும், வாஷிங் மெஷினுக்குப் போகும் குழலையும் மறக்கக் கூடாது. பூட்டிய வீட்டில் வெடிப்பது சுவருக்குள் இருக்கும் குழாயைக் காட்டிலும் இந்தக் குழல்கள்தான். நீர் வடிந்த பிறகு எல்லாக் குழாய்களையும் மூடிவிடுங்கள், ஆனால் இறுக்க வேண்டாம். இறுக்கினால் வாஷர் இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும். திறந்தே விட்டால், விவரம் தெரியாத ஒருவர் மோட்டாரைப் போடும் நாளில் வீடே மிதக்கும். கேட் வால்வு திறந்த நிலையில் இருக்க வேண்டிய இடத்தில், முழுவதும் திறந்த பிறகு கால் திருப்பு பின்னால் திருப்பி விடுங்கள்; அப்போது அது இறுகிப் பிடிக்காது.

தம்பி கம்ப்ரஸர் வைத்துக் குழாயை ஊதிச் சுத்தம் செய்யும் முறையையும் சொல்லியிருக்கலாம். வண்டிகளில் உள்ள வளையும் குழாய்க்கு, அழுத்தத்தைக் குறைத்துவைத்துச் செய்வது அது. நம் வீடுகளில் உள்ள பிவிசி குழாய்க்குள் அழுத்தக் காற்றை ஏற்றக் கூடாது. தண்ணீர் அழுத்தத்தில் பிவிசி உடைந்தால் ஒழுகும். காற்றழுத்தத்தில் உடைந்தால் சில்லுகளாகச் சிதறி ஆளைக் காயப்படுத்தும். எல்போக்களில் கொஞ்சம் தண்ணீர் தங்கினால் நமக்கு ஒன்றும் ஆகாது.

செந்நிறத் தண்ணீர் வந்தது என்கிறீர்கள். அப்படியானால் வீட்டின் ஏதோ ஒரு பகுதியில் இன்னும் பழைய ஜிஐ குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், இருக்கிறது. இரும்புக் குழாயைப் பொறுத்தவரை பாதி வடிந்த நிலைதான் மிகவும் கெட்டது. முழுவதும் நிறைந்து அசையாமல் நிற்கும் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் தீர்ந்ததும் துரு மட்டுப்படும். ஈரச் சுவரும் காற்றும் சேர்ந்திருக்கும் குழாயில் அது தொடர்ந்து அரித்துக்கொண்டே போகும். இந்தக் காரணத்தைச் சொல்லி, ஜிஐ குழாயை நிறைத்தே வைக்க வேண்டும் என்று சில பிளம்பர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் நான் வடிக்கவே சொல்வேன். அந்த வயதுள்ள குழாயில் ஒரு துளை விழுந்தால், சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சிப் பூச்சு உப்பும். ஆத்தங்குடிக் கல்லின் மேல் உப்புப் பூத்து நிறம் மங்கும். பர்மா தேக்கு நிலையின் அடியில் கறையான் ஏறும். குழாயை மாற்றச் சில ஆயிரங்கள் போதும். அந்தச் சுவரையும் தளத்தையும் அதே தரத்தில் திரும்பச் செய்து கொடுக்கும் கைகள் இப்போது மிகக் குறைவு. அடுத்த முறை வரும்போது ஜிஐ பகுதியை எடுத்துவிட்டு, சிபிவிசி (வெந்நீரையும் தாங்கும் பிளாஸ்டிக்) குழாயைச் சுவருக்குள் புதைக்காமல் வெளியே தெரியும்படி போட்டுக்கொள்ளுங்கள். பழைய வீட்டுக்கு அதுதான் பாதுகாப்பு.

இனி கீசர். எம்சிபியை (மின் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்சை) இறக்கி, சூடான தண்ணீரைப் பிடித்துத் தீர்த்து, வருவது குளிர்ந்த நீராகும்வரை பொறுங்கள். உள்ளே வரும் ஆங்கிள் காக்கை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்துவையுங்கள். ஆனால் அதோடு கீசர் வெறுமையாகிவிட்டது என்று எண்ணுவது தவறு. சுவரில் மாட்டும் கீசரில் வெந்நீர் போகும் குழாயின் வாய் தொட்டியின் உச்சியில் இருக்கிறது. குளிர்நீர் நுழையும் வாய் அடியில் இருக்கிறது. வெந்நீர்க் குழாயைத் திறந்தால் காற்றுக்கு மட்டும் வழி கிடைக்கும். தண்ணீர் இறங்க வேண்டுமானால் அடியில் உள்ள இணைப்பைக் கழற்ற வேண்டும். அந்த இடத்தில் ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கும். அழுத்தம் மீறினால் விடுவிப்பதும், தண்ணீர் பின்னோக்கிப் போகாமல் தடுப்பதும் அதன் வேலை. அதையும் சேர்த்துக் கழற்றி, கீழே வாளியை வையுங்கள். முதலில் தெளிவாகவும், பிறகு சாம்பல் நிறத்திலும், கடைசியில் ரவை போன்ற வெண்ணிறத் துகள்களோடும் தண்ணீர் வரும். அந்தத் துகள்கள் போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து சூட்டில் பிரிந்து படிந்தவை. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு நீர் இல்லாவிட்டால் 600 வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. உங்கள் போர் தண்ணீரை ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். காரைக்குடியின் சம்பை ஊற்றுத் தண்ணீரைக் குடித்துப் பழகியவர்கள் சுற்றுவட்டாரப் போர் தண்ணீரும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

கீசரைத் திறக்கும் அன்றே அதனுள் இருக்கும் ஆனோடு கம்பியையும் பார்த்துவிடுங்கள். அது மெக்னீசியத்தால் ஆனது. தொட்டியின் இரும்பைக் காட்டிலும் தான் முன்வந்து அரிபட்டு, இரும்பைக் காப்பதே அதன் வேலை. 1953 முதல் காரைக்குடியில் இயங்கிவரும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) துருவைப் பற்றி நடத்தும் ஆய்வுகளில் இந்தத் தத்துவத்துக்கு முக்கிய இடம் உண்டு. நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. புதுக் கம்பி விரல் பருமன் இருக்கும். நல்ல நிலையில் உள்ள கம்பி மேலே குழிகுழியாக அரித்திருந்தாலும் உடல் பருமனாகவே இருக்கும். வேலை முடிந்த கம்பியில் நடுவில் உள்ள மெல்லிய இரும்புக் கம்பி வெளியே தெரியும். அப்படித் தெரிந்தால் உடனே மாற்றுங்கள். கம்பியின் விலை சில நூறு ரூபாய். தொட்டியின் விலை பல ஆயிரம்.

கீசரை நிறைத்தே வைத்தால் ஆனோடு தொட்டியைக் காக்குமே, ஏன் வடிக்க வேண்டும் என்று கேட்கலாம். யாரும் பார்க்காத ஓர் ஆண்டில் அந்தக் கம்பி கரைந்து தீர்ந்துவிட்டால் அடுத்து தொட்டிதான் அரிபடும். மேலும், தேங்கிய நீரில் சல்பேட்டைத் தின்னும் கிருமிகள் வளர்ந்து அழுகிய முட்டை வாடை வரும். மெக்னீசியம் அரிபடும்போது ஹைட்ரஜன் வாயுவும் உண்டாகி மேலே சேர்கிறது. இரண்டு வாரங்களுக்கு மேல் பயன்படுத்தாத கீசரின் வெந்நீர்க் குழாயைத் திறக்கும்போது பக்கத்தில் விளக்கோ ஊதுபத்தியோ எரியக் கூடாது என்பது இதனால்தான். இந்த எச்சரிக்கை உங்கள் தம்பியின் வண்டி ஹீட்டருக்கும் அப்படியே பொருந்தும். வடித்த கீசரின் சுவிட்சில், "உள்ளே தண்ணீர் இல்லை, போடாதே" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி, பிளக்கையும் கழற்றிவையுங்கள். தண்ணீர் இல்லாமல் சுவிட்சைப் போட்டால் எலிமென்ட் சற்று நேரத்திலேயே கருகிவிடும். எலிமென்டில் படிந்த சுண்ணாம்பை எடுக்கச் சிட்ரிக் அமிலக் கரைசல் போதும். கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டை அதன் அருகே கொண்டுவரும் பிளம்பரை நிறுத்திவிடுங்கள், தொட்டியின் உட்பூச்சே போய்விடும். கொல்லை அடுப்பில் இன்னும் செப்பு அண்டாவில் வெந்நீர் வைக்கும் வீடாக இருந்தால், துடைத்துக் கவிழ்த்துவைப்பதோடு வேலை முடிந்தது.

உங்களை மிகவும் வருத்திய வாடைக்கு வருகிறேன். ஒவ்வொரு வடிகாலின் அடியிலும் வளைந்த இடத்தில் சுமார் 50 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்று, செப்டிக் டேங்கின் வாயு வீட்டுக்குள் வராமல் அடைக்கிறது. மாசி, பங்குனி வெப்பத்தில் சில வாரங்களிலேயே அந்தத் தண்ணீர் ஆவியாகிவிடும். அதன் பிறகு வாடை மட்டும் வருவதில்லை, கரப்பானும் அந்த வழியாகவே ஏறி வருகிறது. தம்பி டிராப்களில் ஊற்றும் திரவத்துக்கு இங்கே ஈடு, தண்ணீரின் மேல் மிதந்து ஆவியாகாமல் தடுக்கும் எண்ணெய். கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் காறி, எறும்பையும் கரப்பானையும் அழைக்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் காறாது. முதலில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி டிராப்பை நிறைத்துவிட்டு, அதன் மேல் இரண்டு மூன்று மேசைக்கரண்டி பாரஃபினை மெல்ல விடுங்கள். கழிப்பறைக் கோப்பைக்கு அரை தம்ளர் வேண்டும். அதற்குப் பின் அந்த வடிகாலில் ஒரு சொட்டுத் தண்ணீரும் விடக் கூடாது, விட்டால் எண்ணெய் அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே கடைசியாகக் கதவைப் பூட்டுவதற்குச் சற்று முன்பு செய்ய வேண்டிய வேலை இது.

தரையில் உள்ள நானி டிராப்களில் தண்ணீர் மிகக் குறைவாக நிற்பதால் அவைதான் முதலில் காய்கின்றன. அவற்றின் ஜல்லடை மேல் கனமான பாலிதீன் தாளை விரித்து, மணல் நிரப்பிய சிறு பையை வைத்துவிடுங்கள். கழிப்பறைக் கோப்பையின் வாயையும் பாலிதீன் தாளால் மூடி டேப் ஒட்டுங்கள். வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்ற ஆள் வரும் வீடாக இருந்தால் எண்ணெயே தேவையில்லை; பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு டிராப்பிலும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றச் சொன்னால் போதும், அதுவே சிறந்த வழி. கிணற்றிலிருந்தோ அக்கம்பக்கத்திலிருந்தோ ஒரு குடம் கொண்டுவரச் சொல்லுங்கள். இதற்காக மேல்தொட்டியை நிறைக்க வேண்டாம். செப்டிக் டேங்கை, அதற்குரிய காலம் வந்தாலன்றி, பூட்டுவதற்கு முன்பு எடுக்கத் தேவையில்லை. அதன் காற்றுக்குழாயின் உச்சியில் வலை கிழிந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

முற்றத்தின் நீர்போக்கியையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில் விழுந்து ஒரே கல்வாய் வழியாக வெளியேறுமாறு அமைத்த வீடுகள் நம்முடையவை. அந்த வாயில் சருகும் ஓட்டுத்துண்டும் அடைத்துக்கொண்டால், ஐப்பசி, கார்த்திகை மழையில் முற்றம் நிரம்பிப் பட்டாலைக்கும் அறைகளுக்கும் தண்ணீர் ஏறிவிடும். தையில் சுத்தம் செய்தது ஐப்பசி வரை தாங்காது. புரட்டாசி கடைசியில் ஓர் ஆளை அனுப்பி, அந்த வாயைத் திறந்து இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். அதே ஆள் போர் மோட்டாரையும் பத்து நிமிடம் ஓட்டலாம். ஓர் ஆண்டு ஓடாத மோட்டார் பிடித்துக்கொள்வது உண்டு. அந்தத் தண்ணீர் மேல்தொட்டிக்குப் போகாமல் தோட்டத்துக்கே போகும்படி, மோட்டாரிலிருந்து வரும் குழாயில் ஒரு டீயும் வால்வும் போட்டுவையுங்கள். மற்ற நாட்களில் மோட்டாரின் எம்சிபி இறங்கியே இருக்க வேண்டும். பங்காளிகள் ஒவ்வொருவரிடமும் ஒரு சாவி இருக்கும் வீட்டில், எந்த வால்வு எந்த நிலையில் இருக்கிறது என்று ஓர் அட்டையில் எழுதி மோட்டார் பெட்டிக்குள் தொங்கவிடுவது அவசியம். இன்னொரு பங்குக்காரர் நல்லெண்ணத்தோடு வந்து தண்ணீர் ஏற்றிவிட்டுப் போன வீடுகளில்தான் பெரிய சேதங்களைப் பார்த்திருக்கிறேன்.

திறக்கும் வேலையைக் குடும்பத்தார் வருவதற்கு ஒரு நாள் முன்பே முடிக்க வேண்டும். எல்லாக் குழாய்களின் முனைச் சல்லடைகளையும் ஷவர் தலைகளையும் கழற்றிவிட்டு, தொட்டியின் வால்வைப் பாதி மட்டும் திறந்து, காற்று மெல்ல வெளியேற விடுங்கள். ஒரேயடியாகத் திறந்தால் குழாய் அதிர்ந்து இணைப்புகள் விடும். செந்நீரும் துகளும் போன பிறகு தொட்டியை நிறைத்துக் குளோரின் போட வேண்டும். 1000 லிட்டருக்கு, 33 விழுக்காடு குளோரின் உள்ள புது பிளீச்சிங் பவுடர் 150 கிராம் என்றால், லிட்டருக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராம் கிடைக்கும். வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிநீரை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். ஆர்ஓ கருவிக்குப் போகும் வால்வை முன்கூட்டியே மூடிவிடுங்கள். குளோரின் அதன் மெம்பரேனைக் கெடுத்துவிடும். ஒவ்வொரு குழாயிலும் பிளீச்சிங் வாடை வரும்வரை திறந்துவிட்டு மூடி, இரவு முழுவதும் அப்படியே விட்டு, மறுநாள் காலையில் முழுவதையும் கொல்லை வாய்க்காலில் வடித்துவிட்டுப் புதுநீர் ஏற்றுங்கள். செப்டிக் டேங்குக்குள் இதை விடக் கூடாது, அங்கே வேலை செய்யும் நுண்ணுயிர்கள் மடிந்துவிடும்.

கீசரில் முதலில் தண்ணீர், பிறகுதான் மின்சாரம். இணைப்புகளை மாட்டி, வெந்நீர்க் குழாயில் காற்று விட்டுவிட்டு வருவது நின்று தண்ணீர் ஒரே சீராக வந்த பிறகே எம்சிபியை ஏற்றுங்கள். முதல் முறை 60 பாகைக்கு மேல் சூடேற்றி, அந்தத் தண்ணீரை ஜன்னலைத் திறந்துவைத்து வாளியில் மெல்ல விட்டுக் கொட்டிவிடுங்கள். ஷவரில் திறக்க வேண்டாம். சுமார் 20 முதல் 45 பாகை வரையுள்ள தேங்கிய நீரில் வளரும் லீஜியோனெல்லா என்ற கிருமி, குடிப்பதைக் காட்டிலும், நீர்த்திவலையைச் சுவாசிப்பதால்தான் நுரையீரலுக்குப் போகிறது. படைப்புக்கு வரும் ஆயாக்களும் ஐயாக்களும் அதிகாலையில் முதலில் குளிப்பவர்கள் என்பதால், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

கீசரை மாற்ற வேண்டுமா என்ற கேள்விக்கு, ஒழுகும் இடத்தைப் பார்த்தால்தான் விடை சொல்ல முடியும். மின்சாரத்தை நிறுத்தி, அடிமூடியைக் கழற்றி, எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத் தண்ணீர் நிரப்பி அரை மணி நேரம் பாருங்கள். எலிமென்ட் பொருந்தும் தட்டின் விளிம்பில் ஈரம் கசிந்தால், கேஸ்கெட்டை மாற்றினால் போதும். பாதுகாப்பு வால்வின் சிறு துளையிலிருந்து சொட்டினால் அந்த வால்வை மட்டும் மாற்றலாம். சூடேறும் நேரத்தில் மட்டும் அதில் ஓரிரு சொட்டு வருவது இயல்பே. இவை இரண்டும் காய்ந்திருக்க, தொட்டிக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவிலிருந்து துருநிறத்தில் தண்ணீர் இறங்கினால் உட்தொட்டி ஓட்டையாகிவிட்டது. அதைப் பற்றவைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், உட்பூச்சு போன தொட்டி மறுபடியும் நிற்காது. புதிது வாங்கும்போது ஆனோடு கம்பியைத் தனியாகக் கழற்றி மாற்ற வசதியுள்ள மாடலா என்று கடையில் கேட்டு, உதிரிக் கம்பி ஒன்றையும் அப்போதே வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.